மருத்துவச் சாதனம் செய்கிறீர்களா? உறையை முதல் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள்

சென்னையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு வடிகால் கதீட்டரை உருவாக்கினோம். உடலுக்குள் தேங்கும் சீழையும் நீரையும் தோல் வழியாக வெளியே எடுக்கும் மெல்லிய பாலியூரித்தேன் குழாய் அது. நுனி பன்றிவால் போலச் சுருண்டிருக்கும். அந்தச் சுருள்தான் குழாயை உள்ளே பிடித்து வைக்கிறது. குழாயை வடிவமைக்க ஒன்றரை ஆண்டு செலவிட்டோம். அதை வைக்கும் உறைக்கு ஒரு வாரம் ஒதுக்கினோம். அந்த ஒரு வாரக் கணக்கு எட்டு மாதத் தாமதமாக முடிந்தது. சாதனத்தில் பிழை இல்லை. உறையில் இருந்த பிழை சாதனத்தையே கெடுத்தது.

கிருமிநீக்கம் செய்து விற்கும் எந்தச் சாதனத்துக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். முதல் முன்மாதிரி கையில் இருக்கும்போதே படியுங்கள். அச்சு வார்த்த பிறகு படித்தால் பாதிதான் பயன்படும்.

1. எதையெல்லாம் உறை என்கிறோம் என்று எழுதி வையுங்கள்

மூன்று அடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். முதலாவது, கிருமி நுழையாமல் காக்கும் உள் உறை. இரண்டாவது, உள் உறை நசுங்காமல் காக்கும் அட்டைப்பெட்டி. மூன்றாவது, லாரியில் ஏறும் பெரிய பெட்டி. முதல் அடுக்கு ஓட்டையானால் உள்ளே இருப்பது குப்பை. ஐஎஸ்ஓ 11607 என்ற தரநிலை இதைப் பற்றியதுதான். அதன் முதல் பகுதி பொருளையும் வடிவமைப்பையும் பேசுகிறது. இரண்டாம் பகுதி ஒட்டும் செயல்முறையைப் பேசுகிறது. இரண்டையும் விலை கொடுத்து வாங்கிவிடுங்கள். யாரோ அனுப்பிய பழைய பிரதியை நம்பி வேலை செய்யாதீர்கள். 2019 பதிப்பில், உறையைத் திறப்பவரை வைத்துச் சோதிப்பதும் கட்டாயமாகிவிட்டது.

2. கிருமிநீக்க முறையைப் பொருளுக்கு முன்பே தீர்மானியுங்கள்

உறையின் பொருள் எது என்பதை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கிருமிநீக்க முறை தேர்ந்தெடுக்கிறது. எத்திலீன் ஆக்சைடு வாயு என்றால் உறையின் ஒரு பக்கமாவது காற்றை விடவேண்டும். வாயு உள்ளே போகவேண்டும், பிறகு வெளியேறவும் வேண்டும். அதனால்தான் ஒரு பக்கம் பிளாஸ்டிக் படலமும் மறுபக்கம் டைவெக் என்ற, பாலித்தீன் இழைகளால் ஆன காற்று புகும் தாளோ மருத்துவத் தரக் காகிதமோ வைக்கிறார்கள். காமா கதிர் என்றால் காற்று போகவேண்டிய தேவை இல்லை. ஆனால் சாதாரண பாலிப்ரொப்பிலீன் நாளடைவில் நொறுங்கும், பிவிசி மஞ்சளாகும், டெஃப்லான் வலுவிழக்கும். நீராவி என்றால் வெப்பம் தாங்கும் பொருள் வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா என்றால் காகிதத்தை மறந்துவிடுங்கள். காகிதம் பெராக்சைடை உறிஞ்சிக்கொள்ளும்.

இங்கே பலரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அட்டைப்பெட்டி நனையாமலிருக்க உள்ளே ஒரு பாலித்தீன் பை விரிப்பது நம் ஊர் வழக்கம். எத்திலீன் ஆக்சைடு அறைக்குள் போகும் பெட்டியில் அந்தப் பை இருந்தால் வாயு சாதனத்தைச் சரியாக அடையாது. பெட்டிகளின் அடுக்கைச் சுற்றி இழுத்துக் கட்டும் பிளாஸ்டிக் படலமும் அப்படியே. பை போடவேண்டும் என்றால் கிருமிநீக்கம் முடிந்து, எஞ்சிய வாயு வெளியேறிய பிறகு போடுங்கள். எஞ்சிய வாயுவுக்கான வரம்புகள் ஐஎஸ்ஓ 10993-7இல் உள்ளன.

கிருமிநீக்க நிறுவனத்துடன் முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அறையில் பெட்டிகள் எந்த அளவில், எப்படி அடுக்கப்படும்? ஒருமுறை அறையை நிரப்பி ஓட்டும் கிருமிநீக்கச் சுழற்சியின் உச்ச வெப்பம் எவ்வளவு? காற்றை எவ்வளவு வேகமாக உறிஞ்சி எடுப்பார்கள்? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. வேகமாக உறிஞ்சும்போது உறை பலூன் போல உப்பி ஒட்டு பிரியும். அறையின் கட்டணம் பெரும்பாலும் ஒரு சுழற்சிக்குத்தான். பாதி அறை காலியாக இருந்தாலும் அதே தொகை. உங்கள் பெட்டியின் அளவு அந்த அறைக்குப் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு தொகுதியிலும் காற்றுக்குப் பணம் கட்டுவீர்கள்.

3. உறையைத் திறப்பவரைப் போய்ப் பாருங்கள்

நாங்கள் இதைக் கடைசியில் செய்தோம். நீங்கள் முதலில் செய்யுங்கள்.

ஓர் அறுவை அரங்கில், இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவமுள்ள செவிலியரிடம் எங்கள் உறையைக் கொடுத்தோம். கையில் இரட்டைக் கையுறை. உறையின் மேல் ஓரத்தில் இரண்டு அடுக்குகளையும் பிரிக்க விரலால் தேடினார். நாங்கள் விட்டிருந்த பிடிமடல் நகத்தின் அகலம்கூட இல்லை. மூன்றாவது முயற்சியில் பிரிந்தது. ஆனால் நேராகப் பிரியவில்லை, படலம் குறுக்கே கிழிந்தது. உள்ளே வளைத்து அடக்கியிருந்த குழாய் துள்ளி வெளியே வந்து, உறையின் வெளி ஓரத்தைத் தொட்டது. "போய்விட்டது தம்பி, இதை இனி நோயாளிக்குப் போட முடியாது" என்று சொல்லி அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினார். அவர் கோபப்படவில்லை. அவருக்கு இது தினமும் நடப்பது. எனக்குத்தான் நெஞ்சு கனத்தது. நள்ளிரவில், நோயாளி மேசையில் படுத்திருக்கும்போது, அவர் அதே உறையோடு போராடுவதை நினைத்துப் பார்த்தேன்.

ஆகவே, வெற்று உறைகளையும் உங்கள் முன்மாதிரியையும் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்குப் போங்கள். வாயால் விளக்காதீர்கள், கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். பிடிமடல் கிடைக்கிறதா, ஒரே இழுப்பில் பிரிகிறதா, நார் உதிர்கிறதா, சாதனம் துள்ளுகிறதா, எந்தப் பக்கத்தை மேலே வைத்துத் திறக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தேதி, பதவி, அனுபவ ஆண்டுகள், கையுறை அளவு ஆகியவற்றோடு ஒரு படிவத்தில் பதிவு செய்தால் அதுவே பின்னர் தேவைப்படும் ஆவணமாகும். ஆளின் பெயர் தேவையில்லை. இதற்குச் செலவு பஸ் கட்டணம்தான்.

4. உறைக்கு ஏற்பச் சாதனத்தையும் திருத்துங்கள்

சாதனத்தின் வரைபடம் இன்னும் பென்சிலில் இருக்கும்போதுதான் இது முடியும். கூரான மூலைகளை மழுங்கச் செய்யுங்கள். உலோக ஊசி இருந்தால் அதன் முனைக்கு மூடி வடிவமைத்துவிடுங்கள். எங்கள் கதீட்டரோடு வரும் எஃகு ஊசிக்கு மூடி இல்லை. பெட்டியைக் கீழே போட்டுச் சோதித்தபோது சில உறைகளில் முனை படலத்தைத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்தது. அந்தத் துளை குண்டூசி முனை அளவுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிந்தது.

அதைவிடப் பெரிய அடி சுருள் நுனியில் விழுந்தது. குறுகிய உறை மலிவு என்பதால், சுருளை ஒரு நிமிர்த்தும் குழலுக்குள் செருகி, நேராக்கி அடைத்தோம். காகிதத்தில் அழகான யோசனை. காலாவதியைச் சோதிக்க உறையை விரைவாக முதுமையாக்கும் வெப்ப அறையில் (7ஆம் பகுதியில் விளக்குகிறேன்) 55 பாகை செல்சியஸில் மூன்று மாதம் இருந்த பிறகு குழலைக் கழற்றினால், முழு வட்டமாகச் சுருள வேண்டிய நுனி தூண்டில் முள் அளவுக்கு மட்டுமே வளைந்து நின்றது. பாலியூரித்தேன் தன் வடிவத்தை மறந்துவிட்டது. அந்தக் குழாய் உடலுக்குள் நிற்காது, நழுவி வெளியே வரும்.

தீர்வு எளிமையானது: நிமிர்த்தும் குழலைப் பின்னால் தள்ளி வைத்து, சுருளைச் சுருளாகவே விட்டு, ஒரு பிளாஸ்டிக் அட்டையில் குழாயைச் செருகினோம். ஆனால் அதற்கு உறை அகலமானது. உறை அகலமானதால் அட்டைப்பெட்டி மாறியது. பெட்டி மாறியதால் கிருமிநீக்க அறையின் அடுக்கு மாறியது. அடுக்கு மாறியதால் கிருமிநீக்கச் சரிபார்ப்பை மீண்டும் செய்தோம். வெப்ப அறைக் கணக்கும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியது. தொடக்கத்தில் ஓர் அட்டைத் துண்டை வெட்டி வைத்துப் பார்த்திருந்தால் ஒரு பிற்பகலில் தெரிந்திருக்கும்.

5. தயாராக இருக்கும் அளவுகளில் உறை வாங்குங்கள்

உங்களுக்கென்று தனி அளவில் உறை கேட்டால் அச்சுக் கருவிச் செலவும், ஆயிரக்கணக்கில் குறைந்தபட்ச ஆர்டரும் வரும். விற்பனையாளரிடம் ஏற்கெனவே இருக்கும் அளவுகளின் பட்டியலை வாங்கி, அதற்குள் சாதனத்தை அடக்கப் பாருங்கள். டைவெக்கிலும் வகைகள் உண்டு: 1073பி கனமானது, எளிதில் துளைபடாது, 1059பி நடுத்தரம், 2எஃப்எஸ் மெல்லியது, விலை குறைவு. கூரான பொருள் இருந்தால் விலையைப் பார்த்து மெல்லியதற்கு இறங்காதீர்கள். வெப்பத்தில் வடித்த தட்டு வேண்டியிருந்தால், அச்சுக்கு ஆகும் வாரங்களையும் சேர்த்து அட்டவணை போடுங்கள்.

விற்பனையாளரிடம் பெறவேண்டியவை: பொருளின் தரவுத்தாள், உயிரிப்பொருத்தச் (உடலுக்குத் தீங்கு செய்யாது என்று காட்டும்) சோதனை அறிக்கை, கிருமித்தடைத் திறன் அறிக்கை, உறையின் சொந்தக் காலாவதி, ஒவ்வொரு தொகுதிக்கும் தரச் சான்று, முன்னறிவிப்பின்றிப் பொருளை மாற்ற மாட்டோம் என்ற எழுத்துபூர்வ உறுதி. கடைசி ஒன்றை வாங்காமல் ஆர்டர் போடாதீர்கள். பசைப் பூச்சை அவர்கள் மாற்றினால் உங்கள் சோதனைகள் அத்தனையும் வீண்.

6. ஒட்டும் இயந்திரம்

கடையில் கிடைக்கும் கையால் அழுத்தும் ஒட்டு இயந்திரத்தை முன்மாதிரிக்குப் பயன்படுத்தலாம், உற்பத்திக்கு ஆகாது. வெப்பம், அழுத்தம், அழுத்திப் பிடிக்கும் நேரம் மூன்றையும் காட்டி, கண்காணித்து, தவறினால் எச்சரிக்கும் இயந்திரம் வேண்டும். அளவுத்திருத்தச் சான்றோடு வாங்குங்கள்.

இயந்திரம் வந்ததும் சரிபார்ப்பு மூன்று கட்டங்களாக நடக்கும். சரியாக நிறுவப்பட்டதா என்பது முதல் கட்டம். வெப்ப வரம்பின் கீழ் எல்லையிலும் மேல் எல்லையிலும் ஒட்டு நல்லதாக வருகிறதா என்பது இரண்டாவது. வழக்கமான அமைப்பில், வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு ஆள்கள் ஓட்டினாலும் ஒரே மாதிரி வருகிறதா என்பது மூன்றாவது. கீழ் எல்லைக்கும் கீழே போனால் ஒட்டு பிரியும்; மேல் எல்லையைத் தாண்டினால் படலம் உருகிச் சுருங்கும், திறக்கும்போது நார் கிழியும். ஒட்டின் அகலம் 6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வலிமைக்கு ஐரோப்பியத் தரநிலை இஎன் 868-5 ஒரு கீழ் எல்லை வைத்திருக்கிறது: 15 மில்லிமீட்டர் அகலத்துக்கு 1.2 நியூட்டன், நீராவி என்றால் 1.5. அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். அந்தச் செவிலியரின் விரல்களை நினைத்து மேல் எல்லையையும் நீங்களே நிர்ணயிக்கவேண்டும்.

7. காலாவதித் தேதிக்கான நாள் கணக்கு

சோதனைகளில் பணத்தால் சுருக்க முடியாத பகுதி இதுதான். உறையில் இரண்டு ஆண்டுக் காலாவதி அச்சிட வேண்டுமானால், இரண்டு ஆண்டுக்குப் பிறகும் உறை காக்கும் என்று காட்டவேண்டும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாததால், உயர்ந்த வெப்பத்தில் வைத்து விரைவாக முதுமையாக்குகிறோம். இதற்கான வழிகாட்டி, அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏஎஸ்டிஎம் வெளியிட்ட எஃப்1980. வெப்பம் 10 பாகை கூடும்போது முதுமை இரட்டிப்பாகிறது என்பது அதில் வழக்கமாக எடுக்கும் அனுமானம்.

கிடங்கின் வெப்பம் 25 பாகை, சோதனை அறை 55 பாகை என்றால் வித்தியாசம் 30. இரண்டை மூன்று முறை பெருக்க 8 மடங்கு. இரண்டு ஆண்டின் 730 நாளை எட்டால் வகுத்தால் 92 நாள். மூன்று ஆண்டுக்கு 137 நாள்.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். குளிர்சாதனம் இல்லாத கிடங்கில் 25 பாகை எங்கே இருக்கிறது? 30 என்று எடுத்தால் மடங்கு சுமார் 5.66 ஆகக் குறையும். இரண்டு ஆண்டுக்கு 129 நாள் வேண்டும். லேபிளில் "30 பாகைக்குக் கீழ் வைக்கவும்" என்று போட்டுவிட்டு 25ஐ வைத்துக் கணக்கிட்டால் ஆய்வாளர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார். அதைவிட முக்கியம், மருந்துக்கடை அலமாரியில் அந்த உறை நம் கணக்கை மதிக்கப்போவதில்லை.

நாளைக் குறைக்க வெப்பத்தை 60க்கு மேல் ஏற்றவும் கூடாது. பொருள் இளகி, உண்மையில் நடக்காத கோளாறுகள் வரும். எங்கள் சுருள் விரிந்ததில் 55 பாகையின் பங்கும் உண்டு. ஆனால் அதைத் தனியே பிரித்து நிரூபிக்க இன்னொரு சோதனை வேண்டியிருந்திருக்கும், 40 பாகையில் ஒன்பது மாதம். அதற்கு உறையை மாற்றுவதே சுருக்கமான வழி.

நாள்களை எண்ணத் தொடங்குவது எப்போது தெரியுமா? இறுதிப் பொருளால் ஆன உறை, இறுதி அமைப்பில் ஒட்டி, கிருமிநீக்கமும் முடிந்து வெப்ப அறைக்குள் போகும் நாளில்தான். அதற்கு முந்தைய எந்த நாளும் கணக்கில் சேராது. எனவே உறையை முடிவு செய்வதில் தள்ளும் ஒவ்வொரு மாதமும் விற்பனைத் தேதியை ஒரு மாதம் தள்ளுகிறது.

8. எத்தனை மாதிரிகள் வேண்டும்

இந்த எண்ணைப் பார்த்து நாங்கள் வாயடைத்துப் போனோம். 95 விழுக்காடு உறைகள் ஓட்டையில்லாதவை என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல, ஒன்றுகூடத் தோற்காமல் 59 உறைகள் தேர்ச்சி பெறவேண்டும். 90 விழுக்காடு போதும் என்றால் 29. எது தேவை என்பதை ஆபத்து மதிப்பீட்டை வைத்து முடிவு செய்து, சோதனைக்கு முன்பே எழுதி ஒப்பமிடுங்கள். சோதனைக்குப் பிறகு எழுதிய காரணத்தை யாரும் ஏற்கமாட்டார்கள்.

59 என்று எடுத்துக்கொண்டு பெருக்குவோம். தொடக்கத்தில், போக்குவரத்துச் சோதனைக்குப் பின், விரைவு முதுமையில் ஓராண்டு, இரண்டாண்டு, நிஜக் காலத்தில் (அதாவது சூடாக்காமல் அலமாரியில் வைத்து) ஓராண்டு, இரண்டாண்டு: ஆறு கட்டங்கள், 354 உறைகள். ஓட்டைச் சோதனைக்குப் போனதை ஒட்டு வலிமைக்குப் பயன்படுத்த முடியாது. அதற்குக் கட்டத்துக்கு 30 வைத்தால் இன்னும் 180. மொத்தம் 534. கையால் செய்த முன்மாதிரிகளை வைத்திருக்கும் சிறு குழுவுக்கு இது மலை.

மலையைக் குறைக்க நேர்மையான வழிகள் உண்டு. உறையின் முதுமையும், சாதனத்தோடு சேர்ந்த உறை போக்குவரத்தைத் தாங்குவதும் தனித்தனிக் கேள்விகள் என்று ஐஎஸ்ஓ 11607 ஏற்கிறது. முதுமைக்கு வெற்று உறைகளை வைக்கலாம். போக்குவரத்துக்கு, அளவும் எடையும் சரியாக இருந்து வேறு காரணத்தால் ஒதுக்கப்பட்ட சாதனங்களைப் பயன்படுத்தலாம். அதனால் ஒதுக்கிய எதையும் தூக்கி எறியாதீர்கள். முதல் நாளிலிருந்தே ஒரு பெட்டியில் சேருங்கள். பல அளவுகளில் சாதனம் வருமானால், மிக நீளமானதையும் மிகக் கனமானதையும் கடினமான நிலையாகத் தேர்ந்தெடுத்து, காரணத்தை எழுதிவிட்டு அவற்றை மட்டும் சோதிக்கலாம்.

இன்னொன்று: ஒரு தொகுதி கிருமிநீக்கத்தில் தவறிப்போனால் மறுபடி சுழற்சிக்கு அனுப்ப விரும்புவீர்கள். அந்த உரிமை வேண்டுமானால் சோதனை மாதிரிகளையும் இரண்டு முறை கிருமிநீக்கத்துக்கு உட்படுத்துங்கள். இல்லாவிட்டால் தவறிய தொகுதி முழுவதும் குப்பைதான்.

9. சோதனைகளும் கூடங்களும்

கண்ணால் பார்க்கும் சோதனைக்கு ஏஎஸ்டிஎம் எஃப்1886, நீலச் சாயம் விட்டு ஒட்டில் கசிவைப் பார்க்க எஃப்1929, நீருக்குள் காற்றை ஊதிக் குமிழி பார்க்க எஃப்2096, ஒட்டு வலிமைக்கு எஃப்88. சாயச் சோதனை 50 மைக்ரான் கால்வாயைக்கூடக் காட்டும். குமிழிச் சோதனை 250 மைக்ரான் ஓட்டையைப் பிடிக்கும், ஆனால் அது உறையின் முழுப் பரப்பையும் பார்க்கிறது. எங்கள் ஊசித்துளை சாயத்தில் தெரியவே இல்லை, ஏனென்றால் அது ஒட்டில் இல்லை. இரண்டையும் செய்யுங்கள். சாயத்தை ஊற்றிய சில நொடிகளில் பார்த்துவிடவேண்டும். தாமதித்தால் அது டைவெக்கில் ஊறிப் பொய்யான கசிவைக் காட்டும்.

போக்குவரத்துச் சோதனைக்கு ஏஎஸ்டிஎம் டி4169 அல்லது, போக்குவரத்துப் பெட்டிச் சோதனைகளை வகுக்கும் அமைப்பான இஸ்டாவின் 3ஏ. கூடத்துக்கு, ஆய்வுக்கூடங்களை மதிப்பிடும் இந்திய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் செய்யப்போகும் குறிப்பிட்ட சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டியைப் போட்டும் அதிரவைத்தும் சோதிக்கும் வசதி இந்தியப் பேக்கேஜிங் நிறுவனத்தின் மையங்களில் உண்டு. சென்னையிலும் மையம் இருக்கிறது. சாதனத்தின் உயிரிப்பொருத்தத்துக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தையும், பல சோதனைகளை ஒரே இடத்தில் முடிக்க விசாகப்பட்டினத்தில் மருத்துவச் சாதனத் தயாரிப்புக்கென்று உள்ள மெட்டெக் வளாகத்தையும் விசாரிக்கலாம். வரிசை நீளமாக இருக்கும். வெப்ப அறையை மூன்று மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

10. லேபிள்

சுருக்கமாகச் சொல்கிறேன். லேபிளைப் படலத்தின் மேல் ஒட்டுங்கள். டைவெக்கின் மேல் ஒட்டினால் காற்று வழி அடைபடும். லேபிள் ஒட்டிய மாதிரிகளையே வெப்ப அறைக்கு அனுப்புங்கள், அச்சு மங்குகிறதா, பசை வழிகிறதா என்று தெரியும். மருத்துவச் சாதன விதிகள் 2017இன் 44ஆம் விதி கேட்பவற்றை அங்கேயே படித்துப் பட்டியலிடுங்கள்: பெயர், தொகுதி எண், உற்பத்தித் தேதி, காலாவதி, உரிம எண், உற்பத்தியாளர் முகவரி, கிருமிநீக்கம் செய்யப்பட்டது என்ற வாசகமும் முறையும், ஒருமுறைப் பயன்பாடு, வைக்கவேண்டிய நிலைமை. இத்தனைக்கும் உறையில் இடம் இருக்கிறதா என்பதை உறை வாங்கும் முன்பே பாருங்கள். காலாவதி சாதாரணமாக 60 மாதத்தைத் தாண்டக்கூடாது.

11. அரசு ஆவணங்களும் கட்டணமும்

சோதனைக்காகச் சாதனம் செய்யவே எம்டி-13 உரிமம் வேண்டும். கட்டணம் ஒரு சாதனத்துக்கு 500 ரூபாய். உற்பத்தி உரிமம், ஆபத்து குறைந்த ஏ, பி வகுப்புச் சாதனங்களுக்கு மாநில அதிகாரியிடம், எம்டி-5 படிவத்தில். இடத்துக்கு 5,000 ரூபாயும் சாதனத்துக்கு 500 ரூபாயும். ஆபத்து கூடிய சி, டி வகுப்புகளுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம், எம்டி-9. 50,000 ரூபாயும் சாதனத்துக்கு 1,000 ரூபாயும். பார்த்தீர்களா, அரசுக் கட்டணம் சிறியது. பணம் கரைவது மாதிரிகளிலும் ஆய்வுக்கூடத்திலும் கிருமிநீக்கச் சுழற்சிகளிலும்தான். வரவுசெலவுத் திட்டத்தில் உறைக்கென்று தனி வரி போடுங்கள்.

விண்ணப்பத்தோடு போகும் சாதன முதன்மைக் கோப்பில் உறைச் சரிபார்ப்பு, கிருமிநீக்கச் சரிபார்ப்பு, காலாவதிக்கான ஆதாரம் மூன்றும் தனித்தனியே இருக்கவேண்டும். விரைவு முதுமை அறிக்கையோடு, நிஜக் காலச் சோதனை தொடங்கிய தேதிக்கான ஆதாரத்தையும் இணையுங்கள். விரைவு முதுமை என்பது கணிப்புதான். நிஜக் காலம் அதை உறுதிப்படுத்தும்வரைதான் அது செல்லும்.

அந்த நிஜக் கால மாதிரிகளை வெப்ப அறைக்கு அனுப்பும் அதே நாளில், அதே தொகுதியிலிருந்து எடுத்து அலமாரியில் வையுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் பதிவாகும் கருவி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பெட்டியின் மேல் வைத்த தேதி, திறக்கவேண்டிய தேதி, செய்யவேண்டிய சோதனை மூன்றையும் அழியாத மையில் எழுதுங்கள். வேலையை விட்டுப் போகும் ஆள் அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் அந்தப் பெட்டியையும் சேர்த்துவிடுங்கள்.